தறி நிற்கும்போது தொடங்கும் குடைச்சல்

கால்களை அசைத்தே ஆகவேண்டும் என்ற அடக்கமுடியாத உந்துதல், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ தோன்றி, எழுந்து நடந்தாலும் காலை நீட்டி மடக்கினாலும் தணிந்து, மாலையிலும் இரவிலும் மிகுந்து, வேறு எந்த நோயாலும் விளக்கமுடியாததாக இருக்குமானால், அதை நரம்பியல் மருத்துவம் அமைதியற்ற கால் நோய் என்று வகைப்படுத்துகிறது. இந்த நோயைக் கண்டறிய உதவும் அடையாளங்கள் யாவும் மேற்சொன்ன ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனாலும் பல ஆண்டுகள் இரவுத் தூக்கத்தை இழந்த பிறகும் தமக்கு இருப்பது ஒரு நோய் என்றே அறியாதவர்கள் ஏராளம். அவர்கள் அதைக் கால் குடைச்சல் என்றும் உளைச்சல் என்றும் சொல்லிக்கொண்டு, பகல் முழுதும் பட்ட பாட்டின் விளைவாக அதை ஏற்று வாழ்ந்துவிடுகிறார்கள்.

அந்த உணர்வைச் சொல்லில் கொண்டுவருவது நோயாளிக்கே கடினமாக இருக்கிறது. ஒருவர் எலும்புக்குள் புழு நெளிகிறது என்பார். இன்னொருவர் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்கிறது என்பார். வேறொருவர் வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, ஆனால் காலைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்று மட்டும் சொல்வார். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, தோலில் அல்லாமல் ஆழத்தில், இரு கால்களிலும் அது தோன்றுகிறது. சிலருக்கு இரவுக்கு இரவு கால் மாறுவதும், நோய் முற்றிய நிலையில் கைகளுக்கு ஏறுவதும் உண்டு. நோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்குத் தூங்கிய பிறகும் 20 முதல் 40 நொடிகளுக்கு ஒருமுறை கால் விரலும் கணுக்காலும் வெட்டி இழுக்கின்றன. இதை அவர்கள் அறிவதில்லை, பக்கத்தில் படுத்திருப்பவர்கள்தான் அறிகிறார்கள். குடைச்சல் தாளாமல் கெண்டைக்காலைத் துண்டாலோ பழஞ்சேலைக் கிழிசலாலோ இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பதும், பிள்ளைகளைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வதும் தமிழ்நாட்டு வீடுகளில் புதியவை அல்ல.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் ஆரணியும், அதைச் சூழ்ந்த தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு போன்ற ஊர்களும் பட்டுச் சேலை நெசவால் வாழ்பவை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் ஒன்று. இத்தகைய ஊரை எடுத்துக்கொண்டு இந்த நோயைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. குழித்தறி என்பது கையால் மட்டும் இயங்கும் கருவியன்று. நெசவாளர் தரையை ஒட்டிய பலகையில் உட்கார்ந்து, குழிக்குள் இறக்கிய கால்களால் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுகின்றன; ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை அந்த வழியே ஓடவிட, மறு கை அச்சை இழுத்து ஊடை இழையை இறுக்குகிறது; சேலையில் புட்டாவோ முந்தியோ வரும்போது பூவேலைக்கான ஜக்கார்டு கருவியின் பளுவையும் கால்தான் தூக்கவேண்டியிருக்கிறது. ஜக்கார்டைத் தூக்க மின்மோட்டார் பொருத்திய தறிகளில் இந்தப் பளு குறைந்திருந்தாலும், நெசவாளரின் உழைப்பில் பெரும்பகுதி இன்றும் காலின் உழைப்பே. ஆகவே நெசவாளர் வீட்டில் ஒருவர் இரவில் கால் குடைகிறது என்றால், தறி மிதித்த கால் குடையாமல் என்ன செய்யும் என்பதே எல்லாரும் சொல்லும் சமாதானமாகிறது.

இந்தச் சமாதானம் நியாயமானதாகத் தோன்றினாலும், நோயின் இயல்பை அறிந்து பார்த்தால் தலைகீழாக நிற்கிறது. அமைதியற்ற கால் நோயின் உந்துதல் இரண்டு சூழல்களில் அடங்கிப்போகிறது: கால் இயங்கிக்கொண்டிருக்கும்போதும், மனம் ஒரு வேலையில் முழுமையாக ஆழ்ந்திருக்கும்போதும். நோயாளிகள் மாலை நேரத்தில் கவனத்தை ஈர்க்கும் கைவேலைகளில் ஈடுபடவேண்டும் என்று மருத்துவர்கள் அறிவுரை கூறுவது இதனால்தான். தறியில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. கால் ஓயாமல் மிதிக்கிறது, கண்ணும் மனமும் இழை அறுந்துவிடாமல் காத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே தறியில் உட்கார்ந்திருக்கும்வரை நோய் வெளியே தெரிவதில்லை; தறியை விட்டு எழுந்து, சாப்பிட்டு, விளக்கை அணைத்துப் படுத்த பிறகே அது தலைகாட்டுகிறது. மிதித்த களைப்பும் குடைச்சலும் அடுத்தடுத்து வருவதால் முன்னது பின்னதற்குக் காரணம் என்று கொள்ளப்படுகிறது. உண்மையில் தறி அந்த நோயைப் பகலில் மறைத்துத்தான் வைத்திருக்கிறது.

மறைக்கும் வேலை இல்லாத இடத்தில் நோய் எளிதில் வெளிப்படும். ஊடைக்குத் தார் சுற்றுவது பெரும்பாலும் பெண்களும் முதியவர்களும் செய்யும் வேலை. காலை மடக்கிய நிலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து கையால் மட்டும் ராட்டையைச் சுற்றவேண்டிய அந்த வேலையை, இந்நோய் உள்ளவர் மாலையில் தொடர்ந்து செய்ய இயலாமல் அடிக்கடி எழுந்து நடப்பார். சேலைகளை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பேருந்தில் செல்பவருக்கு இரவுப் பயணத்தில் காலை நீட்ட இடமின்றி நோய் கடுமையாகும். வயதின் காரணமாகத் தறியை விட்டவர், உழைப்பு நின்ற பிறகு குடைச்சல் ஏன் கூடியது என்று புரியாமல் திகைக்கக்கூடும். இவற்றில் எதுவும் காலின் தசை தேய்ந்ததற்கான சான்று ஆகாது.

நெசவாளருக்குக் காலில் வேறு தொல்லைகள் வராது என்பது இதன் பொருளன்று. அவை மிகுதியாக வருவதால்தான் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தின் வலி நடக்கும்போதும் மாடிப்படி ஏறும்போதும் கூடி, ஓய்வில் குறையும். அமைதியற்ற கால் நோய் இதற்கு நேர்மாறு. கால் நரம்பு சுருண்டு புடைக்கும் நோயில் நின்றதாலும் காலைத் தொங்கவிட்டதாலும் மாலையில் கனமும் வீக்கமும் வந்து, காலை உயர்த்தி வைத்தால் தணியும். கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிக்கும்போது தசை கட்டியாக இறுகிக் கைக்குத் தட்டுப்படும். அது சில நிமிடங்களில் விடும். நீரிழிவால் பாத நரம்பு பாதிக்கப்பட்டவருக்குப் பாதத்தில் எரிச்சலும் மரப்பும் பகலிலும் இரவிலும் இருக்கும், நடந்தால் குறையாது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களிடம் வைட்டமின் பி12 குறைந்து இதே போன்ற எரிச்சல் உண்டாவதும் உண்டு என்பதால் அந்த அளவையும் பார்க்கவேண்டும். ஒரே ஆளுக்கு மூட்டுத் தேய்மானமும் அமைதியற்ற கால் நோயும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது மூட்டு வலிக்கான மாத்திரை பகல் வலியைக் குறைத்தும் இரவு குடைச்சலைத் தொடாமல் விட்டுவிடுவதே தெளிவான குறிப்பாகும்.

மருத்துவ வரலாற்றில் இந்நோய் பழமையானது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672-இல் இலத்தீனில் எழுதிய நூலில், படுக்கையில் கைகால்கள் துள்ளி உறக்கம் கெட்டுத் தவிப்பவர்களை விவரித்திருக்கிறார். அதன்பின் ஏறத்தாழ 270 ஆண்டுகள் அது மனத்தின் நோயாகவும் நரம்புத் தளர்ச்சியாகவும் கருதப்பட்டு ஓரங்கட்டப்பட்டது. சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்பாம் 1945-இல் தனி நூலாக எழுதி அதற்கு இன்றைய பெயரைத் தந்தார். இவ்விருவர் நினைவாக வில்லிஸ்–எக்பாம் நோய் என்றும் அது அழைக்கப்படுகிறது. இரத்தசோகை உள்ளவர்களிடமும் கருவுற்ற பெண்களிடமும் அடிக்கடி இரத்ததானம் செய்பவர்களிடமும் அது மிகுந்திருப்பதை எக்பாம் கவனித்தார். அதே நாட்டின் நார்ட்லாண்டர் 1953-இல் இரும்புச்சத்தை நரம்பு வழியே ஏற்றி நோயாளிகள் குணமடைந்ததைப் பதிவு செய்தார். பிறகு 1982-இல் துருக்கி மருத்துவர் அக்பினார், பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் லெவோடோபா இந்நோயையும் தணிப்பதைக் கண்டறிந்ததும் மருத்துவ உலகின் கவனம் முழுவதும் மூளையின் டோபமைனை நோக்கித் திரும்பி, இரும்புச்சத்தின் கதை சில பத்தாண்டுகள் பின்னுக்குத் தள்ளப்பட்டது. நார்ட்லாண்டர் கண்டது மறக்கப்படாமல் இருந்திருந்தால், இரத்தசோகை மலிந்த நம்முடைய நாட்டில் இந்நோய் இவ்வளவு காலம் கவனிப்பாரின்றிக் கிடந்திருக்காது.

டோபமைன் என்பது மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி கடத்தப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று; உடலின் அசைவைக் கட்டுப்படுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அதை உடல் தயாரிக்கும்போது முதல் படியில் வேலை செய்யும் நொதிக்கு இரும்புச்சத்து துணைப்பொருளாகத் தேவைப்படுகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதம் குறைந்திருப்பதையும், பின்னர் இறந்தவர்களின் மூளைத் திசுக்களில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் இரும்பு குறைந்திருப்பதையும் கண்டார்கள். இவர்களில் பலருக்கு இரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தது; இரத்தத்திலிருந்து மூளைக்குள் அது செல்வதில்தான் குறை இருந்தது. இரத்தத்தில் இரும்பின் அளவும் டோபமைனின் இயக்கமும் நாளின் ஓட்டத்தில் ஏறி இறங்குபவை, இரவில் தாழ்பவை. நோய் இரவில் மிகுவதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

இதிலிருந்து நடைமுறைக்கு மிகத் தேவையான ஒரு செய்தி கிடைக்கிறது. இரத்தசோகை இல்லை என்று சொல்லப்பட்டவருக்கும் இரும்புக் குறைவால் இந்நோய் வரலாம். ஹீமோகுளோபின் தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாவு என்றால், ஃபெரிட்டின் வீட்டில் எடுத்துவைத்திருக்கும் பட்டு நூலின் இருப்பு. இருப்பு முழுவதும் தீர்ந்த பிறகும் தறியில் உள்ள பாவு முடியும்வரை நெசவு தடையின்றி நடப்பதைப் போல, சேமிப்பு வற்றிய பிறகும் சில காலம் ஹீமோகுளோபின் அளவு சரியாகவே இருக்கும். பொதுவாக மருத்துவமனைகளில் விரலில் குத்தியோ நரம்பில் எடுத்தோ பார்ப்பது ஹீமோகுளோபினைத்தான். அது 12 கிராமுக்கு மேல் இருந்தால் பெண்ணுக்குச் சோகை இல்லை என்று முடிவாகிவிடுகிறது, குடைச்சலுக்குக் காரணம் வேறு எங்கோ தேடப்படுகிறது.

ஃபெரிட்டின் பரிசோதனை செய்தவர்களும் இன்னொரு இடத்தில் தவறிவிடக்கூடும். பரிசோதனைக் கூடத்தின் அறிக்கைத் தாளில் நோயாளியின் அளவுக்குப் பக்கத்தில் இயல்பான அளவு என்று ஒரு வரம்பு அச்சாகியிருக்கும். பெண்களுக்கு அதன் கீழெல்லை பல கூடங்களில் லிட்டருக்கு 10 அல்லது 15 மைக்ரோகிராம் என்ற அளவிலேயே இருக்கிறது. ஒரு பெண்ணின் ஃபெரிட்டின் 22 என்று வந்தால் அந்த எண் தடித்த எழுத்தில் வராது, சிவப்புக் குறியும் இருக்காது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தாள் மடிக்கப்பட்டுவிடும். அமைதியற்ற கால் நோய்க்கு அந்த வரம்பு பொருந்தாது. பெரியவர்களில் ஃபெரிட்டின் ஒரு லிட்டருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் நிறைவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ இரும்புச்சத்து தரவேண்டும் என்பதே இன்றைய உலக நடைமுறை. உடலில் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. இரத்தம் காலையில் வெறும் வயிற்றில், முந்தைய நாள் இரும்பு மாத்திரை போடாமல் கொடுக்கப்படவேண்டும்.

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தெரிவிக்கிறது. அமைதியற்ற கால் நோய் ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவது. நாட்டின் கைத்தறித் தொழிலாளர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெங்களூரு நகர மக்களிடையே செய்யப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வு, சுமார் 2 விழுக்காட்டினரிடம் இந்நோய் இருப்பதாகக் கண்டது; மேலை நாடுகளில் இது 5 முதல் 10 விழுக்காடு. இந்திய அளவு குறைவாகத் தோன்றினாலும், நெசவுத் தெருக்கள் போன்ற இடங்களில் குடைச்சலை நோயென்று கருதாமல் வாழ்பவர்களையும் இரும்புக் குறைவின் பரவலையும் சேர்த்து எண்ணும்போது, அதை இவ்வூர்களின் முடிந்த கணக்காகக் கொள்வதற்கில்லை.

இரும்பு மாத்திரை எளிய மருந்துதான் என்றாலும் உட்கொள்ளும் முறையில் அதன் பயன் பாதி அடங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றுடனோ நெல்லிக்காயுடனோ எடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்தில் வைத்திருக்கும். தேநீர், காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுடன் எடுத்தால் இரும்பில் பெரும்பகுதி வீணாகும். தறிக்கூடத்தில் காலையிலும் மாலையிலும் தேநீர் தவறாது என்பதால், மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே குறைந்தது ஒரு மணி நேரமாவது விடவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஒரு நாள் மாத்திரை போட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்குக் குடல் இரும்பை ஏற்பதைத் தானே குறைத்துக்கொள்வதால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பது பலருக்குச் சமமான பலனையும் குறைவான வயிற்றுத் தொல்லையையும் தருகிறது. மலம் கறுப்பது இயல்பு. அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுபவர்கள் உண்டு. குடைச்சல் ஒரு வாரத்தில் நிற்காது. ஏறத்தாழ மூன்று மாதம் தொடர்ந்து எடுத்துவிட்டு மீண்டும் ஃபெரிட்டினைப் பார்த்தே பலனை அளக்கவேண்டும். கம்பு, எள், முருங்கைக்கீரை, சுண்டைவற்றல் ஆகியவை இரும்பு தருபவையே என்றாலும், ஈரலிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பே உடலில் எளிதில் சேரும். ஏற்கெனவே வற்றிவிட்ட சேமிப்பை உணவால் மட்டும் நிரப்புவது பெரும்பாலோர்க்கு இயலாது.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், குடல் இரும்பை ஏற்காதவர்களுக்கும், ஃபெரிட்டின் 75-க்கும் 100-க்கும் இடையே இருந்தும் நோய் கடுமையாக இருப்பவர்களுக்கும் நரம்பு வழியே இரும்பு ஏற்றப்படுகிறது. மருத்துவமனைக் கண்காணிப்பில் ஒன்றிரண்டு அமர்வுகளில் முடியும் இந்தச் சிகிச்சையின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகலாம். இரும்பு மிகுதியும் கேடு என்பதால், பரிசோதனை செய்யாமல் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவது தவறு. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரைப்பையிலோ குடலிலோ மூலத்திலோ இரத்தம் கசிகிறதா என்று தேடிப்பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்தானது. குடல் புற்றுநோயின் முதல் அறிகுறி அந்தக் குறைவாகவே இருந்துவிடுவதுண்டு.

குடைச்சலைத் தணிக்கவும் தூங்கவும் மருந்துக் கடையில் வாங்கும் மாத்திரைகளில் சில, நோயை வளர்ப்பவை. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், பிராமெத்தசின் போன்றவை மயக்கம் தருவதால் தூக்க மாத்திரையாகவே பயன்படுத்தப்படுகின்றன. ஆனால் அமைதியற்ற கால் உள்ளவருக்குக் கண்ணை மூடவைத்துக் காலைக் குடையச்செய்யும் கொடுமையை அவை உண்டாக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வுக்கான பல மருந்துகள், மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்றவை இதே விளைவைத் தரலாம். கால் எரிச்சலுக்கும் வலிக்கும் பரவலாக எழுதப்படும் அமிட்ரிப்டிலினும் இந்த வரிசையில் அடங்கும் என்பதை மருத்துவர்களே சில வேளை நினைவில் கொள்வதில்லை. நோயாளி தானே இவற்றை நிறுத்துவது சரியன்று, குறிப்பாக மனநல மருந்துகளை; தாம் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச்சென்று காட்டுவதே வழி. உடல்வலி தீர இரவில் மது அருந்தினால் முதல் மணி நேரம் உறங்கி, பின்னிரவில் குடைச்சலோடு விழிக்கவேண்டிவரும். புகையிலையும் மாலைக்குமேல் குடிக்கும் காபியும் சிலருக்கு இவ்வாறே செய்யும்.

வெதுவெதுப்பான நீரில் காலை நனைத்தல், நீவிவிடுதல், கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சி, சிறு நடை ஆகியவை அன்றைய இரவுக்கு உதவுபவை. நாள்தோறும் மிதமாக உடலை இயக்குவது நோயைக் குறைக்கும், படுக்கப் போகுமுன் செய்யும் கடும் உழைப்பு அதைக் கூட்டும். முகூர்த்த நாள்கள் நெருங்கும்போது சேலையை அறுத்துக் கொடுத்தாகவேண்டிய கட்டாயத்தில் நள்ளிரவுவரை தறி மிதிப்பது இந்நோய் உள்ளவருக்கு இருமடங்கு தீங்கானது. ஆனால் கூலி சேலைக்கு இவ்வளவு என்று நிர்ணயமாகியிருக்கும் தொழிலில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எளிது, செய்வது அரிது. இயன்றவரை கனமான ஜக்கார்டு வேலையைப் பகலுக்கு மாற்றி, இரவில் சேலையின் இலேசான உடல் பகுதியை நெய்வது என்ற அளவிலாவது மாற்றம் செய்துகொள்ளலாம்.

இரும்பும் பழக்கங்களும் போதாதபோது மருந்து தேவைப்படுகிறது. 2000-க்குப் பிந்தைய பல ஆண்டுகள் பிராமிபெக்சால், ரோபினிரோல் என்ற டோபமைன் வகை மருந்துகளே முதலில் தரப்பட்டன. அவை முதல் இரவிலேயே வியக்கத்தக்க நிம்மதி தந்தன. நாளடைவில் அவற்றின் மறுபக்கம் தெரியவந்தது. இரவு பத்து மணிக்கு வந்த குடைச்சல் மாலை ஆறுக்கும் பிறகு நண்பகலுக்கும் முன்னேறும், கைகளுக்குப் பரவும், மாத்திரையின் அளவைக் கூட்டினால் சில நாள் அடங்கிப் பின் முன்னைவிட மோசமாகும். நோயைத் தணிக்கவந்த மருந்தே நோயை வளர்க்கும் இந்த நிலை, ஆண்டுகள் செல்லச் செல்லப் பலரிடம் உண்டாகிறது. சிலரிடம் சூதாட்டத்திலும் பொருள் வாங்கிக் குவிப்பதிலும் அடக்கமுடியாத நாட்டத்தையும் இம்மருந்துகள் தூண்டிவிடுகின்றன; நேற்றுவரை சிக்கனமாக இருந்தவர் திடீரென்று கைப்பேசியில் பணம் வைத்து ஆடத்தொடங்கினால், குடும்பத்தார் அவரது குணத்தைப் பழிக்குமுன் மாத்திரைச் சீட்டைப் பார்க்கவேண்டும். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் அண்மையில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தரவேண்டாம் என்று கூறி, கபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகளை முன்னிறுத்தியிருக்கிறது. இவையும் காலையில் தலைசுற்றலும் மந்தமும் தரக்கூடியவை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்கவேண்டும். குழியில் இறங்கி ஏறும் முதிய நெசவாளர் தடுமாறி விழாதபடி சிறிய அளவில் தொடங்கவேண்டும். ஏற்கெனவே டோபமைன் மருந்து எடுப்பவர் அதைச் சட்டென்று நிறுத்தினால் பல இரவுகள் உறக்கமின்றித் துடிக்க நேரும், ஆகவே மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்கவேண்டும்.

இந்நோயைக் கண்டறிய மூளை ஸ்கேனோ இரத்தக்குழாய் ஸ்கேனோ நரம்பு ஓட்டப் பரிசோதனையோ கட்டாயமில்லை. ஐயம் இருந்தால் மட்டுமே அவை வேண்டும். கால் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் மருத்துவர் மூட்டையும் இரத்தக் குழாயையும்தான் நினைப்பார். படுத்தால் வருகிறது, நடந்தால் போகிறது, பகலில் இல்லை, இரவில் இருக்கிறது என்று சொன்னால் அவரது எண்ணம் சரியான திசையில் செல்லும். ஆரணியில் இருப்பவர்கள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் தொடங்கி, தேவையானால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் துறைக்கோ செல்லலாம்.

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் தோன்றி, குழந்தை பிறந்த சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் மருந்துகளைத் தவிர்த்து இரும்பைச் சரிசெய்வதே முதன்மையானது, ஆகவே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையை மசக்கையைக் காரணம் காட்டிப் பரணில் போட்டுவிடக்கூடாது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்பவர்களிடம் நோய் மிகுந்து காணப்படுகிறது. நான்கு மணி நேரம் அசையாமல் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருக்க அவர்கள் படும் பாட்டைச் செவிலியர்கள் பொறுமையின்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

இளவயதில் தொடங்கும் நோய் பெரும்பாலும் குடும்பவழி வருவது. 2007-இல் ஐஸ்லாந்திலும் ஜெர்மனியிலும் நடந்த மரபணு ஆய்வுகள் அதோடு தொடர்புடைய மரபணுப் பகுதிகளை அடையாளம் காட்டின. பாட்டிக்கும் தாய்க்கும் குடைச்சல் இருந்த வீட்டில் எட்டு வயதுச் சிறுமி இரவில் கால் உளைகிறது என்று அழுதால், வளரும் வயது வலி என்று தைலம் தடவி நிறுத்திவிடாமல், அது படுத்தவுடன் வருகிறதா, ஓடினால் போகிறதா என்று கேட்கவேண்டும். வகுப்பில் ஒரே இடத்தில் உட்காரமாட்டாள், கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர் சொல்வதும் இதே நோயின் விளைவாக இருக்கலாம், ஏனெனில் இரவில் உறங்காத குழந்தை பெரியவர்களைப் போலப் பகலில் தூங்கி வழிவதில்லை, துறுதுறுப்பாகவே மாறுகிறது. குழந்தைகளில் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தால் எடைக்கேற்ற அளவில் இரும்பு மருந்து தரப்படுகிறது. குடற்புழு நீக்கமும் கூடவே செய்யப்படுகிறது. பலருக்கு அதற்குமேல் வேறு மருந்து தேவைப்படுவதில்லை.